21 வருட முடக்குவாதம், இப்போது சிறுநீரகம்: பயாப்சிக்கு எங்கே போவது?

அம்மாவுக்கு வயது 58, ஊர் கோவில்பட்டி பக்கம். ருமட்டாய்டு முடக்குவாதம் வந்து 21 வருடமாகிறது. விரல்கள் கோணிப்போய் ஜாக்கெட் ஊக்குகூட மாட்ட முடியாது. அதற்குப் பழகிவிட்டோம். இப்போதைய சிக்கல் மூட்டில் இல்லை.

ஆறு மாதமாகக் கால் வீக்கம், காலையில் முகம் உப்பல், சிறுநீரில் நுரை. 24 மணி நேரச் சிறுநீரில் புரதம் 4.1 கிராம் (மிக அதிகம்), ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் 2.3 (குறைவு), சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.4 (சற்று அதிகம்). சர்க்கரை நோய் இல்லை. ஸ்கேனில் சிறுநீரகங்களின் அளவு சரியாகவே இருக்கிறது.

நடுவில் நான்கு வருடம், முடக்குவாதத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை விட்டுவிட்டு, வெறும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையிலேயே ஓட்டினார். வலி அடங்குகிறதே என்று நாங்களும் கேட்கவில்லை, அது எங்கள் தப்பு. அந்த மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாகியும் புரதம் குறையவில்லை. புரதம் கசிவதைக் குறைக்க டெல்மிசார்டன் மாத்திரை கொடுத்துப் பார்த்தாயிற்று, உப்பையும் குறைத்தாயிற்று. வீக்கம் மட்டும் கொஞ்சம் வடிந்தது.

அமிலாய்டாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். வருடக்கணக்கில் அடங்காத அழற்சியால் ஒருவகைப் புரதம் சிறுநீரகத்தில் போய்ப் படிவதாம். வயிற்றுக் கொழுப்பை ஊசியால் எடுத்துச் சோதித்ததில் இல்லை என்று வந்தது. ஆனால் அதை வைத்து நோயே இல்லை என்று சொல்லிவிட முடியாதாம். சிறுநீரக பயாப்சி, அதாவது சிறுநீரகத்திலிருந்து துளி திசு எடுத்து, அமிலாய்டைக் காட்டிக்கொடுக்கும் காங்கோ ரெட் சாயமேற்றிப் பார்க்க வேண்டும் என்கிறார். இங்கே அந்த வசதி இல்லை. நெடும்பயணமும் அம்மாவால் தாங்க முடியாது.

மதுரை, நெல்லை வட்டாரத்தில் பயாப்சியும் இந்தச் சாயச் சோதனையும் ஒரே இடத்தில் செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால், எங்கே செய்தீர்கள் என்று சொல்ல முடியுமா?