கதைக்கான கற்பனைக் கடற்படை: 5,000 டன் கப்பலில் 96 ஏவுகணைகள் பொருந்துமா?

கேள்வி:
வணக்கம். வெப்பமண்டலக் கடலில் உள்ள கற்பனைத் தீவு நாடு ஒன்றைக் களமாகக் கொண்டு நாவல் எழுதி வருகிறேன். அந்நாட்டுக் கடற்படைக்கு ‘ஆழி’ வகுப்பு என்ற பெயரில் நான்கு ஏவுகணை நாசகாரிக் கப்பல்களை வகுத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் 130 மீட்டர் நீளமும் 5,000 டன் எடையும் கொண்டது. 96 செங்குத்து ஏவுகுழல்களும் இரண்டு ஹெலிகாப்டர்களும் உண்டு. விவரம் அறிந்த வாசகர் இதை நம்புவாரா?

மறுமொழி 1:
96 என்ற எண்ணிக்கை நம்பும்படியாக இல்லை, நண்பரே. அமெரிக்காவின் ஆர்லி பர்க் வகுப்பில் பிற்காலக் கப்பல்கள் 96 குழல்களைச் சுமக்கின்றன; ஆனால் அவை ஏறத்தாழ 155 மீட்டர் நீளமும் 9,000 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையவை. மும்பையில் கட்டப்பட்ட நம் கொல்கத்தா வகுப்பு 163 மீட்டர் நீளமிருந்தும் 32 பராக்-8, 16 பிரம்மோஸ் ஏவுகணைகளோடு நின்றுகொள்கிறது. தங்கள் கப்பலுக்கு 32 போதும்.

மறுமொழி 2:
எண்ணிக்கையைக் குறைப்பதோடு நின்றுவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். தங்கள் அளவுக்கு மிக நெருங்கிய உண்மைக் கப்பல் பிரிட்டனின் டைப் 42. செலவைக் குறைப்பதற்காக முதல் கப்பல்களின் நீளத்தை 125 மீட்டருக்குச் சுருக்கினார்கள். உள்ளே எதற்கும் இடமில்லாமல் போகவே, கடைசி நான்கு கப்பல்களை 141 மீட்டராக நீட்டிக் கட்டினார்கள். 1982 மே 4 அன்று, பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்துப் போரில் இவ்வகுப்பின் முதல் கப்பலான ஷெஃபீல்டை ஓர் எக்சோசெட் ஏவுகணை தாக்கியது. அந்த அடியிலேயே தீயணைப்பு நீர்க்குழாய் உடைந்துவிட்டதால், கண்ணெதிரே தீ பரவியபோதும் குழாயில் தண்ணீர் வரவில்லை. கரும்புகை அறைகளை நிறைத்தது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் போராடிய பிறகே கப்பலைக் கைவிட்டார்கள். இருபது பேர் இறந்தனர். மே 10 அன்று இழுத்துச் செல்லும் வழியில் அது மூழ்கியது. ஆகவே தங்கள் கப்பலில் தண்ணீர்க் குழாய் எந்த வழியாகச் செல்கிறது, ஓரிடத்தில் உடைந்தால் எந்த வால்வை மூடி மறுபக்கத்திலிருந்து தண்ணீரைத் திருப்புவார்கள் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஏவுகணைகளின் பட்டியலைவிட அந்த வால்வைத் திருகும் மாலுமியின் கைதான் வாசகரைக் கப்பலுக்குள் கொண்டு செல்லும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நீளத்தை 145 மீட்டராகவும் எடையை 6,500 டன்னாகவும் உயர்த்தி, குழல்களை 32 ஆக்கிவிட்டேன். எடை குறைய வேண்டும் என்று மேற்கட்டுமானத்தை (மேல்தளத்துக்கு மேலே எழும் பகுதியை) அலுமினியத்தில் வைத்திருந்தேன், அது சரியா?

மறுமொழி 3:
எஃகுக்கு மாற்றிவிடுங்கள். 1975 நவம்பரில் பெல்க்னாப் என்ற அமெரிக்கக் கப்பல், கென்னடி விமானந்தாங்கியுடன் மோதித் தீப்பிடித்தபோது அதன் அலுமினிய மேற்கட்டுமானம் உருகிச் சரிந்தது. ஆர்லி பர்க் வகுப்பை எஃகில் கட்டியதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். எஃகின் கூடுதல் எடை மேலே ஏறுவதால், கப்பல் நிலை தடுமாறாதிருக்க அதன் அகலத்தையும் சற்றுக் கூட்டுங்கள்.

தங்கள் தீவு வெப்பமண்டலத்தில் இருப்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரிட்டனின் டைப் 45 கப்பல்கள் வெதுவெதுப்பான கடலில் மின்சாரம் இழந்து நின்றிருக்கின்றன. கேஸ் டர்பைனோடு இணைந்த குளிர்விப்பு அமைப்பால் அந்தச் சூட்டைத் தாங்க இயலவில்லை. ஒவ்வொரு கப்பலிலும் இருந்த இரண்டு டீசல் ஜெனரேட்டர்களை அகற்றிவிட்டு, ஆற்றல் மிகுந்த மூன்றைப் பொருத்தும் பணியை மேற்கொள்ள வேண்டியதாயிற்று. ரேடார் முதல் ஏவுகணை வரை எல்லாமே மின்சாரத்தை நம்பியிருக்கும் கப்பலில் இது சிறு குறையன்று. தங்கள் கதையில் பொறியாளர் ஒருவர் இருந்தால், கடல்நீரின் வெப்பநிலையை மணிக்கொரு முறை குறித்துக்கொள்பவராக அவரை எழுதுங்கள்.