தெருவில் எடுத்த ஆளுக்கு நாங்களே கதை கட்டலாமா?

பண்ணைக்காற்று:
ஒரு வருடமாகச் சனிக்கிழமை காலைகளில் 50 மில்லிமீற்றர் லென்ஸோடு யாழ்ப்பாணம் டவுனுக்குள் சுற்றுகிறேன். பெரியகடை, ஆஸ்பத்திரி வீதி, பஸ் ஸ்டாண்ட், அவ்வளவுதான் என் எல்லை. படம் எடுக்கும்போது ஒன்றும் இல்லை, வீட்டுக்கு வந்து கம்பியூட்டரில் போட்டுப் பார்க்கும்போதுதான் வருத்தம் தொடங்குகிறது. போன கிழமை கஸ்தூரியார் வீதியில் ஒரு ஐயாவை எடுத்தேன். சைக்கிள் கரியரில் ஒரு சுவர்மணிக்கூடு, பழைய சாரத்துண்டால் சுற்றி, ட்யூப்பால் இறுக்கிக் கட்டியிருந்தார். துணி விலகின இடத்தில் முள்ளு தெரிகிறது, ஐந்தே முக்கால். நான் எடுத்தது எட்டு மணிக்கு. சரி, மனம் ஓடிவிட்டது: 1995 இடப்பெயர்வில் வீட்டையே விட்டுவிட்டு இதை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருப்பார், மனுசி சாவி கொடுத்த மணிக்கூடு, இப்போது அவவும் இல்லை... பேஸ்புக்கில் போட முழுக்க எழுதியும் வைத்துவிட்டேன். போடக் கை வரவில்லை. நீங்களும் இப்படிச் செய்கிறனீங்களா?

முத்திரைச்சந்தி:
எல்லாருக்கும் உள்ள வியாதிதான் தம்பி. 50 ஐ வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றால் கதை வளரத்தான் செய்யும். 28 அல்லது 35 லென்ஸ் போட்டுப் பாரும், அது அகலமாகப் பிடிக்கிறதால் கிட்டப் போகவேண்டி வரும், ஆள் பார்ப்பார், "என்ன தம்பி, பேப்பரிலயோ?" என்று கேட்பார். அதோடு பாதிக் கதை போய்விடும்.

சுணங்கினவன்:
இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது. திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் நின்ற என் அம்மாவை யாரோ எடுத்து, "யாருக்காகக் காத்திருக்கிறாள் இந்தத் தாய்?" என்று போட்டிருந்தார்கள். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராடுகிற நாட்டில் அந்த வரி என்ன சொல்லும் என்று தெரியாமலா எழுதினார்கள்? கீழே வரிசையாக அழுகிற முகங்கள். அம்மா காத்திருந்தது எனக்காக. கத்தரிக்காய்ப் பையும் முருங்கைக்காய்க் கட்டுமாக அவ நிற்க, நான் பெற்றோல் அடிக்கப் போய் முக்கால் மணித்தியாலம் சுணங்கிவிட்டேன். அந்த முகத்தில் இருந்தது சோகம் இல்லை, எனக்கு விழப்போகிற ஏச்சு.

இருட்டறை:
அதுக்காகக் கற்பனையே கூடாது என்றால் பிறகு எதுக்குத் தெருவில் படம் எடுக்கிறது? கற்பனை செய்யுங்கோ, படத்தின் கீழே எழுதாதேங்கோ. விவியன் மேயர் சிக்காகோவில் பிள்ளை பார்க்கிற வேலை செய்துகொண்டே ஒரு லட்சத்துக்கு மேல் படம் எடுத்தவர். 2007 இல் அவருடைய நெகட்டிவ் பெட்டிகள் ஏலத்தில் போய்த்தான் வெளியே தெரிந்தது, 2009 இல் அவரும் போய்விட்டார். இப்போது அந்தத் தெருவில் போன சனத்தை விட்டுவிட்டு எல்லாரும் அவருக்கே கதை கட்டுகிறார்கள்.

பண்ணைக்காற்று:
சுணங்கினவன், எழுதினதை அழித்துவிட்டேன். ஐயாவுக்குக் கொடுக்கலாம் என்று படத்தைப் பிரின்ட் போட்டு, அந்தப் பக்கத்து மணிக்கூடு திருத்துகிற கடையில் காட்டினேன். ஐயாவை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, மணிக்கூட்டை உடனே தெரிந்துவிட்டது. "இது பற்றரி மணிக்கூடெல்லோ தம்பி, பற்றரியை மாத்துங்கோ எண்டால் கேக்கிறாரில்லை, மூண்டாந்தரம் கொண்டு வாறார்."