மாடித்தோட்டத் தளத்துக்கு வாசகர்களை வரவழைப்பது எப்படி?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மாடித்தோட்டம் பற்றித் தமிழில் ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறேன். வருகையைப் பெருக்கி, அதில் கொஞ்சம் வருமானமும் பார்க்க வேண்டும். இந்தத் துறைக்கு நான் புதிது.

2018 முதல் தமிழ்த் தளங்களுக்கும் கூகுள் ஆட்சென்ஸ் (தளத்தில் விளம்பரம் காட்டி, வருவாயில் பங்கு தரும் சேவை) விளம்பரம் கிடைக்கிறது. ஆனால் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். வாசகர் வராமல் அது எப்படிச் சேரும்?

என் பெரிய குழப்பம் தலைப்பில்தான். 'செம்பருத்தியில் மாவுப்பூச்சி' என்று நான் தமிழில் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த பலர் அதையே ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தேடுகிறார்கள். படிக்க உறுத்தாமல் இரண்டையும் ஒரே பக்கத்தில் எப்படிச் சேர்ப்பது? இன்னொன்று: சில பக்கங்களைக் கூகுள் கண்டுகொண்டும் தேடலில் சேர்க்கவில்லை என்று சர்ச் கன்சோல் (தேடலில் நம் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் கருவி) காட்டுகிறது. பழைய பதிவுகளிலிருந்து இணைப்பு கொடுத்தால் சரியாகுமா?

காசுக்கு விளம்பரக் கிளிக் வாங்கித் தருகிறோம் என்பவர்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆட்சென்ஸ் கணக்கே முடங்கிவிடும்.

ஆடிப்பட்டத்துக்கு விதை தேடுவோர் வருவதற்குள் எதை முதலில் எழுதி வைக்கலாம்? விதை, மண்புழு உரம் விற்பவர்களிடம் கமிஷன் பேசியவர்கள் இருந்தால், எந்த அளவு வருகைக்குப் பிறகு பேசினீர்கள் என்றும் சொல்லுங்கள்.