மறு: 'இன்வைட்' – வரவழை, அழை, கோரு?

வணக்கம்.

செயலிகளில் வரும் 'இன்வைட்' பொத்தானுக்குத் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது என்ற நம் குழுவின் கேள்விக்கு இது என் பதில். ஐயா முன்வைத்த 'வரவழை' சுருக்கமான சொல், பொத்தானிலும் அடங்கும். ஆனால் மருத்துவரை வரவழைத்தோம் என்றால் அவர் வந்துவிட்டார் என்றே பொருள். நமக்கு வேண்டியது, அழைக்கப்பட்டவர் மறுக்க இடம் தரும் வினை. மறுக்க முடியாததற்கு நீதிமன்றம் 'அழைப்பாணை' வைத்திருக்கிறது.

'அழை' என்றால் தொலைபேசி அழைப்போடு குழம்பும் என்கிறார்கள். பாதிதான் நியாயம். இணையத் தொலைபேசிக்கான சிப் நெறிமுறையில், அதாவது 2002இல் வந்த ஆர்.எஃப்.சி. 3261 என்ற இணையத் தர ஆவணத்தில், உரையாடலைத் தொடங்கும் கட்டளையின் பெயரே 'இன்வைட்'. அங்கே 'அழை' தாராளமாகப் பொருந்தும்.

சிக்கல் நாட்காட்டிச் செயலிகளில்தான். அவற்றுக்கான 2009ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 5546இல் 'இன்வைட்' என்றொரு கட்டளையே இல்லை. பதிலை எதிர்பார்த்து அனுப்புவது 'ரிக்வெஸ்ட்'. எதிர்பாராமல் வெளியிடுவது 'பப்ளிஷ்'. திருகோணமலையில் இந்த வேறுபாட்டை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோயில் திருவிழாவுக்கு வெளியிடுவது விஞ்ஞாபனம், அதாவது பொது அறிவிப்பு. அதற்கு யாரும் பதில் எழுதுவதில்லை. மரண அறிவித்தலை உற்றார் உறவினர் 'ஏற்றுக்கொள்ளுமாறு' கேட்பார்களே தவிர, இழவுக்கு அழைப்பதில்லை. கலியாணத்துக்கோ அட்டை அச்சடித்தாலும் வீடு தேடிப் போய்ச் 'சொல்ல' வேண்டும். அட்டை மட்டும் தபாலில் வந்தால் எங்கள் பெரியம்மா போகவே மாட்டார். அவர் கணக்கில் அது 'பப்ளிஷ்'.

ஆகவே பதில் கேட்கும் இடத்தில் 'அழைப்பிதழ் அனுப்பு', பொதுவாக வெளியிடும் இடத்தில் 'அறிவி', குழுவில் சேர்க்கும் இடத்தில் 'சேர அழை' என்று வைக்கலாம். 'விஞ்ஞாபனம்' என்றே எழுத எனக்கு ஆசைதான். தமிழகத்து நண்பர்கள் விண்ணப்பம் என்று எடுத்துக்கொள்வார்கள். பதில்களுக்கு 'வருகிறேன்', 'வர இயலாது', 'உறுதியில்லை' போதும். 'ஏற்கிறேன்', 'நிராகரிக்கிறேன்' எல்லாம் கூட்டத்துக்கு வரும் மனிதர் பேசுவதுபோல் இல்லை.

'கோரு' இந்த வரிசையில் வேண்டாம். 'விண்ணப்பங்கள் கோரப்படுகின்றன' என்று வர்த்தமானியில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் தொல்லையை 'இன்வைட்' செய்வதாகச் சொல்வதையும் சொற்பட்டியலில் சேர்க்கச் சொன்ன நண்பருக்கு: வம்பை விலைக்கு வாங்கப் பொத்தான் எதற்கு?

'இன்வைட் லிங்க்' பற்றி இன்னும் எவரும் எழுதவில்லை. பெயர் குறிக்காமல் எவர் கைக்கும் போய்ச் சேர்வதை அழைப்பிதழ் என்பது பொருந்தாது. 'சேர்வதற்கான இணைப்பு' என்று வைக்கிறேன், மறுப்பிருந்தால் எழுதுங்கள்.