ஆர்மோனியத்துல சரளி வரிசை: கட்டையை இல்லை, இடைவெளியை எண்ணுங்க

(சரளி வரிசைன்னா கர்நாடக சங்கீதத்துல முதல்ல கத்துக்கிற ஸ்வரப் பயிற்சி. பேசுறவங்களை அவங்கவங்க இருக்கிற சேலம் பக்கத்து இடத்தோட பேரால குறிச்சிருக்கு.)

அஸ்தம்பட்டி:
சங்கராபரண ராகம் 1 கட்டை சுருதியில, அதாவது ரெட்டைக் கறுப்புக்கு இடது பக்கம் இருக்கிற முதல் வெள்ளையில ச வச்சா, முழுக்க வெள்ளையிலேயே வந்துடும். அதனாலேயே அதுல ஆரம்பிக்க வேண்டாம். ஸ்வரம்னாலே வெள்ளைக் கட்டைன்னு கையில பதிஞ்சு போயிடும். மாயாமாளவகௌளை ராகம்தான் சரி. ச முதல் வெள்ளை, ரி அதை ஒட்டின கறுப்பு, க மூணாவது வெள்ளை, ம நாலு, ப அஞ்சு, த ப-வை வலது பக்கம் ஒட்டின கறுப்பு, நி ஏழாவது வெள்ளை. கறுப்பு வெள்ளை பார்க்காம, ஒரு ஸ்வரத்துலேர்ந்து அடுத்த ஸ்வரத்துக்கு எத்தனை கட்டை தள்ளணும்னு வரிசையா எண்ணினா 1-3-1-2-1-3-1. எந்தக் கட்டையில ச வச்சாலும் இந்தக் கணக்கு மாறாது.

விரல்: கட்டைவிரல் ச, ஆள்காட்டி ரி, நடுவிரல் க. அப்புறம் கட்டைவிரலை அடியில நுழைச்சு ம. ப ஆள்காட்டி, த நடு, நி மோதிரம், மேல் ச சுண்டு. இறங்கும்போது ம வந்ததும் நடுவிரல் கட்டைவிரலைத் தாண்டி க-வுக்குப் போகணும். நாதம் அறுந்துபோற இடம் இதுதான். ம-க, ம-க மட்டும் தனியா ஒரு இருபது தடவை வாசிச்சுட்டு முழு வரிசைக்கு வாங்க.

செவ்வாய்பேட்டை:
இடது கையையும் சொல்லிடணும். ஸ்வரத்துக்கு ஒரு தடவை துருத்தி போட்டா ஒவ்வொரு ஸ்வரமும் வீங்கி வீங்கி கேட்கும். தாளத்தோட சேராம, காத்து தீர்றதுக்குள்ள சின்னச் சின்னதா போடுங்க.

இடைவெளி பிடிபட்டுச்சான்னு பார்க்க கறுப்புக் கட்டை அஞ்சையும் எடுத்துக்குங்க. 4½-ல, அதாவது நாலாவது வெள்ளைக்கு வலது பக்கக் கறுப்புல, ச வச்சா மோகன ராகம். அதே அஞ்சு கட்டைதான், 5½-ல மத்யமாவதி, 6½-ல ஹிந்தோளம், 1½-ல சுத்த சாவேரி, 2½-ல சுத்த தன்யாசி. ச-வை இடம் மாத்தி வேற ராகம் வரவைக்கிற கிரக பேதத்தைப் புஸ்தகத்துல படிக்கிறதை விட இது சட்டுனு புரியும்ங்க.

அஸ்தம்பட்டி:
ஆனா தோடி ராகம் கேட்காதீங்க. கட்டையில அசைவு கிடையாது, அந்த ராகத்துக்கு உயிரான கமகம் (ஸ்வரத்தை அசைச்சுப் பாடுறது) வராது. அகில இந்திய வானொலி 1940-லேர்ந்து 1971 வரைக்கும் இந்தப் பெட்டியை ஒதுக்கி வச்சிருந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். அந்தர காந்தாரம்கூட (மேல சொன்ன க) தம்புராவுல கேட்கிறதை விட இதுல கொஞ்சம் தூக்கலா நிக்கும். பாடும்போது காது தம்புரா பக்கம் இருக்கட்டும்.

ஏற்காடு:
மலை மேல இருக்கிறவங்களுக்குப் பனிதான் வம்பு. மரம் ஊறி கட்டை அழுத்தினா எழும்பாது, நாதம் எழுப்புற பித்தளை நாக்கான ரீடும் களிம்பு பிடிக்கும். பெட்டியைச் சுவரோட ஒட்டி வைக்காம பலகை மேல வைங்க, உள்ளே சிலிக்கா ஜெல் நாலஞ்சு பொட்டலம் போடுங்க. எண்ணெய் மட்டும் விடவே விடாதீங்க, தூசியைப் பிடிச்சு வச்சுக்கும். ஒரு ஸ்வரம் கரகரன்னா ரீடு நாக்குக்கு அடியில மெல்லிசு காகிதத்தை ஒரு தடவை இழுத்துப் பாருங்க. சுரண்ட வேண்டாம்: நுனியைச் சுரண்டினா சுருதி ஏறும், அடியைச் சுரண்டினா இறங்கும்.

கீழே சேலம் வெயிலுக்கு நேர் எதிர். மரம் காய்ஞ்சு காத்து கசியும். ஸ்டாப் (காத்து வழியைத் திறந்து மூடுற குமிழ்) எல்லாத்தையும் மூடி, துருத்தியை நிறைச்சு, கட்டை எதையும் தொடாம விடுங்க. உடனே அமுங்கிப் போச்சுன்னா தோல் மடிப்புலயோ மூலையிலயோ ஓட்டை.