விரலை எடுத்ததும் விழுந்த ஃபேடர்: மிடி கண்ட்ரோல் சர்ஃபேஸ் இணைத்த அனுபவங்கள்

எட்டு மோட்டார் ஃபேடர்கள் (ஒலியளவை ஏற்றி இறக்கும், தானாகவும் நகரும் தள்ளுகுமிழ்கள்) கொண்ட கண்ட்ரோல் சர்ஃபேஸ் ஒன்றை, அதாவது மென்பொருளைக் கையால் இயக்க உதவும் கருவியை, என் வீட்டு ஒலிப்பதிவு அறையில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளுடன் இணைத்து முடிக்க எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. கோயில் திருவிழாவில் எட்டு மைக்குகள் வைத்துப் பதிவு செய்த நாகஸ்வரக் கச்சேரியை, மவுஸால் ஒவ்வொரு ட்ராக்காக ஏற்றி இறக்காமல் இரண்டு கைகளாலும் மிக்ஸ் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

ரீப்பரின் அமைப்புகளில் கண்ட்ரோல் சர்ஃபேஸ் பகுதிக்குச் சென்று, மேக்கி கண்ட்ரோல் யூனிவர்சல் என்ற தொடர்பு முறையைச் சேர்த்து, மிடி (இசைக்கருவிகளும் கணினியும் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் முறை) உள்ளீட்டில் கருவியின் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். தவில் ஃபேடரை மேலே தள்ளியபோது திரையிலும் தவில் ட்ராக் ஏறியது. ஆனால் விரலை எடுத்த கணமே ஃபேடர் 'டக்' என்று அடிமட்டத்தில் போய் விழுந்தது. திரையிலோ ஒலியளவு ஏறிய இடத்திலேயே நின்றது. மோட்டார் பழுது என்று நினைத்து, கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டேன்.

பழுது கருவியில் இல்லை. மிடி வெளியீட்டு இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன். மேக்கி முறையில் ஃபேடர் தன் நிலையைத் தானே முடிவு செய்வதில்லை. கை தள்ளிய அளவை மென்பொருளுக்குச் சொல்லிவிட்டு, 'இந்த இடத்தில் நில்' என்று மென்பொருள் திருப்பி அனுப்பும் செய்திக்காகக் காத்திருக்கிறது. அந்தச் செய்தி வர வழியில்லாததால் பழைய இடத்துக்கே போனது. வெளியீட்டிலும் அதே கருவியைத் தேர்ந்தெடுத்தவுடன் எட்டு ஃபேடர்களும் ஒரே நேரத்தில் எழுந்து அதனதன் இடத்தில் நின்ற காட்சியை என்னால் மறக்க முடியாது.

இரண்டாம் இரவில் வந்த சிக்கல் இதைவிடக் குழப்பமானது. பதிவில் சுருதி கொடுக்கும் ஒத்தின் நாதம் மங்கலாக இருந்ததால், கீபோர்டில் வாசிக்கும் சுருதிப்பெட்டி ஒலியை ஒரு புதிய ட்ராக்கில் சேர்த்திருந்தேன். நாகஸ்வரத்தின் ஃபேடரைக் கீழே இறக்கினால் சுருதியும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ப்ளே பொத்தானை அழுத்தினால் எங்கோ உச்சத்தில் ஒரு சுரம் ஒலித்தது. காரணம் எளியதுதான்: மேக்கி முறையில் ஃபேடரின் அசைவு, சுரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் செய்தியாகவும், ப்ளே பொத்தான் 94ஆம் எண் கொண்ட சுரமாகவும் பயணிக்கின்றன. என் ட்ராக்கின் உள்ளீடு 'எல்லா மிடி கருவிகளும்' என்று இருந்ததால், கட்டளைகளையெல்லாம் அது இசையாக வாங்கிக்கொண்டது. மிடி உள்ளீடுகளின் பட்டியலில் சர்ஃபேஸை முடக்கி, ட்ராக்குக்குக் கீபோர்டை மட்டும் கொடுத்த பிறகு சுருதி அசையவில்லை. கியூபேஸ் மென்பொருள் வைத்திருப்பவர்கள் மிடி போர்ட் அமைப்பில் 'எல்லா மிடி உள்ளீடுகளும்' என்ற குழுவிலிருந்து சர்ஃபேஸின் போர்ட்டை விலக்கிவிட வேண்டும்.

* * *

அண்ணா, மோட்டார் இல்லாத சிறிய கருவி வைத்திருப்பவன் என்ற முறையில் என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். என் ஃபேடர் கீழே கிடக்கும்போது திரையில் குரல் ட்ராக் மேலே இருக்கும். தொட்டவுடன் குரல் அடியோடு காணாமல் போய்விடும். மென்பொருளில் பிக்கப் முறையைத் தேர்ந்தெடுத்த பிறகு, ஃபேடர் திரையிலுள்ள அளவைக் கடக்கும் வரை எதுவும் மாறுவதில்லை. இதில் ஃபேடர்கள் கண்ட்ரோல் சேஞ்ச் என்ற சாதாரண மிடி செய்திகளையே அனுப்புவதால் 0 முதல் 127 வரை 128 படிகள்தான் உண்டு. உங்கள் கருவியின் பிட்ச் பெண்ட் செய்தியிலோ 16,384 மதிப்புகளுக்கு இடமிருக்கிறது. பாடல் முடிவில் மெதுவாகக் குரலை மங்கச் செய்யும்போது இந்த வேறுபாடு காதிலேயே தெரிகிறது என்பதால், அந்த இடத்தை மட்டும் இன்றும் மவுஸால் வரைகிறேன்.

* * *

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்கிறேன். புரோ டூல்ஸ் மென்பொருளில் வேலை செய்பவர்கள் கருவியை மேக்கி முறையில் விட்டுவிடக் கூடாது. ஹெச்யூஐ (HUI) என்ற வேறொரு தொடர்பு முறைக்கு மாற்ற வேண்டும். நான் மாற்ற மறந்து அரை நாளை இழந்தேன். மென்பொருள் இடைவிடாமல் 'இருக்கிறாயா' என்று கேட்டு ஒரு செய்தி அனுப்பும். மேக்கி முறையிலிருக்கும் கருவிக்கு அந்தக் கேள்வி புரியாததால் பதில் வராது, தொடர்பும் நிலைக்காது. பெரிஃபெரல்ஸ் பகுதியில் பெறும் போர்ட், அனுப்பும் போர்ட் இரண்டையும் குறிப்பிடுவதோடு, மிடி உள்ளீட்டுக் கருவிகளின் பட்டியலிலும் அந்தப் போர்ட் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

* * *

இருவருக்கும் நன்றி. ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். தனித்தவில் பகுதிக்கு ஆட்டோமேஷனை (ஃபேடர் அசைவுகளின் பதிவை) டச் முறையில், அதாவது ஃபேடரைத் தொட்டிருக்கும்போது மட்டும் பதிவாகும்படி, எழுதியபோது, பாதி அசைவுகள் பதிவாகாமல் மோட்டார் என் கையை எதிர்த்து இழுத்தது. என் ஃபேடரின் குமிழ் தோல் பட்டால்தான் தொடுகையை உணர்கிறது. நான் நகத்தால் தள்ளிக்கொண்டிருந்தேன். விரல் நுனியை முழுதாக வைத்துத் தள்ளியதும், தவிலின் இரு பக்க ஒலிகளும் கை போன போக்கில் அப்படியே பதிவாகின.