கலைச்சொல் வேண்டுகோள்: எஞ்சினின் "நார்மல்" வெப்பநிலைக்குத் தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எம்.ஜி.பி. என்னும் பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். ஆக்ஸ்ஃபர்டுக்குத் தெற்கே அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை உருவான, 1798 கன செ.மீ. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் பொருத்திய கார் அது. அதன் முகப்புப் பலகையில் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் ஒன்று உண்டு. பிற்காலத்து வண்டிகளில் அந்த முள்ளுக்குப் பின்னால் எண்கள் இல்லை. சி, என், எச் என்னும் மூன்று எழுத்துகள் மட்டுமே இருக்கும். முதலாவது குளிர், கடைசி சூடு, நடுவில் உள்ளது "நார்மல்". அந்த நடு எழுத்தில்தான் என் கட்டுரை நின்றுவிட்டது.

"இயல்பு வெப்பநிலை" என்று எழுதிப் பார்த்தேன். இரவெல்லாம் கொட்டகையில் நின்ற காரின் இயல்பான வெப்பநிலை எதுவென்று கேட்டால், அன்றைய விடியற்காலைக் குளிர்தான் விடையாகும். "இயக்க வெப்பநிலை" என்றும் எழுதிப் பார்த்தேன். சாவியைத் திருகிய மறுநொடியிலேயே எஞ்சின் இயங்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் முள் நடு எழுத்துக்கு வர இன்னும் பல நிமிடங்கள் ஆகும். தக்க சொல்லைக் குழுவினர் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

அன்புடன்.

* * *

அன்பு நண்பருக்கு வணக்கம்.

சொல்லைத் தேடும் முன் அந்த நடு எழுத்து எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். எம்.ஜி.பி.யின் எஞ்சின் கட்டையும் தலையும் வார்ப்பிரும்பு. உள்ளே ஓடும் பிஸ்டன்கள் அலுமினியக் கலவை. சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிடக் கூடுதலாக விரியும் என்பதால், குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் கூடுதலான இடைவெளி விட்டே செய்கிறார்கள். அந்த இடைவெளி வடிவமைத்தவர் கருதிய அளவுக்குச் சுருங்குவது எஞ்சின் சூடேறிய பிறகுதான். எண்ணெயும் அப்படியே: ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு வரை எண்ணெய் அழுத்தம் இருக்க வேண்டும் என்பது சூடேறிய எஞ்சினுக்கு உரிய அளவே தவிர, விடியற்காலையில் கெட்டியாக இருக்கும் எண்ணெய்க்கு உரியது அன்று. சோக் இழுத்து (அதாவது குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் மிகுந்த கலவை தந்து) ஓட்டும்போது ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்து, அங்குள்ள எண்ணெய்ப் பூச்சைக் கழுவிவிடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். சூடான எஞ்சினில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். ஆறிய எஞ்சினில் ஒரு பகுதி உள்ளேயே நீராகி, எஞ்சினின் அடித்தொட்டியில் தேங்கும் எண்ணெயோடு கலந்து சேறாகும்.

ஆகவே நடு எழுத்து "வழக்கமான" சூட்டைக் குறிக்கவில்லை. எஞ்சின் தன் வேலைக்குத் தக்கதாகிவிட்ட சூட்டைக் குறிக்கிறது. இதற்கு நம் அடுப்படியிலேயே ஒரு சொல் இருக்கிறது. பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்று கேட்கிறோம். சோற்றின் பதம் பார்க்கிறோம். பதம் என்பது அளவு மட்டும் அன்று. ஒரு பொருள் அடுத்த வேலைக்கு ஆயத்தமாகிவிட்ட நிலை. குறைந்தாலும் கெடும், மிகுந்தாலும் கெடும் என்ற குறிப்பும் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே பதச்சூடு என்று பரிந்துரைக்கிறேன். "எஞ்சின் பதச்சூட்டுக்கு வரும்வரை விரட்டி ஓட்டாதீர்கள்" என்று எழுதினால் விளக்கக் குறிப்பே தேவைப்படாது. அதற்கு மேற்பட்டது மிகைச்சூடு.

இதையொட்டி மற்றச் சொற்களையும் சீர்பார்க்கலாம். "குளிர்விப்பு" என்று எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரின் சூடு 80 பாகை செல்சியசுக்கு மேல்; கை வைத்தால் வெந்துவிடும். அதைக் குளிர் என்று எப்படிச் சொல்வது? அங்கே நிகழ்வது சூடு தணிப்பு. நீரும் உறைதடுப்பியும் கலந்த அந்த நீர்மத்தைத் தணிநீர் எனலாம்.

ரேடியேட்டரைக் "கதிர்வீசி" என்று பெயர்த்தவர்கள் ஆங்கிலப் பெயரிலுள்ள பிழையையும் சேர்த்தே பெயர்த்துவிட்டார்கள். கார் ரேடியேட்டர் கதிராக வீசும் வெப்பம் சிறு பங்குதான். பெரும்பங்கு அதன் தகடுகளுக்கு இடையே புகுந்து செல்லும் காற்றோடு போய்விடுகிறது. சூடான பாலைக் காற்றுப்பட ஊற்றி ஆற்றுகிறோமே, அதே வேலை. எனவே சூடாற்றி. (தணிநீரை "ஆற்றுநீர்" என்று சொல்லிவிடத்தான் முதலில் ஆசைப்பட்டேன், அது காவிரிக்குப் போய்விடும் என்பதால் விட்டுவிட்டேன்.)

தெர்மோஸ்டாட்டில் சற்று நின்று பேச வேண்டும். "வெப்பநிலைப்பி" என்ற சொல் அறையைச் சூடாக்கும் கருவிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் பொருந்தலாம், காருக்குப் பொருந்தாது. எம்.ஜி.பி.க்குத் திட்ட அளவாக 82 பாகையும், வெப்ப நாடுகளுக்கு 74 பாகையும், கடுங்குளிர் நாடுகளுக்கு 88 பாகையும் குறித்த தெர்மோஸ்டாட்டுகள் உண்டு. உள்ளே சிறு குப்பியில் உள்ள மெழுகு அந்தச் சூட்டில் உருகி விரிந்து வால்வைத் தள்ளத் தொடங்கும். அதுவரை நீர் சூடாற்றிக்குப் போகாது. இன்னும் ஏறத்தாழப் பத்துப் பாகை கூடியபின் வால்வு முழுதும் திறந்துவிடும். அதோடு அதன் வேலை முடிந்தது. அதற்கு மேல் சூடு ஏறினால் தடுப்பதற்கு அதன் கையில் ஒன்றும் இல்லை. அது பதச்சூட்டின் கீழெல்லையை மட்டுமே காக்கிறது. மேலெல்லை சூடாற்றியையும் விசிறியையும் நீரேற்றியையும் பொறுத்தது. இதை அறியாமல், கொதிக்கும் எஞ்சினுக்கு 74 பாகைத் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டு, மீண்டும் கொதிக்கிறதே என்று திகைக்கும் உரிமையாளர்கள் எத்தனையோ பேர். சூடாற்றி அடைத்துக்கொண்டிருந்தால் 74இல் திறந்தாலும் 82இல் திறந்தாலும் முள் போய் நிற்கும் இடம் ஒன்றுதான். "நிலைப்பி" என்னும் பெயர் அந்தத் தவறான நம்பிக்கைக்குத் துணைபோகிறது. ஏரியில் நீர் வேண்டிய மட்டத்துக்கு ஏறியதும் திறந்துவிடுவது மடை. இங்கே சூடு ஏறியதும் திறப்பதால் சூட்டுமடை என்று சொல்லிப் பாருங்கள்.

உங்கள் காரின் சூடுகாட்டி முள்ளுக்குப் பின்னால் கு, ப, கொ — குளிர், பதம், கொதி — என்று எழுதலாம்.

அன்புடன்.

* * *

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

சூடாற்றியை மனமார வரவேற்கிறேன். பதச்சூட்டில் எனக்குத் தயக்கங்கள் உண்டு.

//ஆகவே பதச்சூடு என்று பரிந்துரைக்கிறேன்//

இயற்பியல் வகுப்பில் வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று மாணவர்களுக்குப் பதியவைப்பதற்குள் ஆசிரியர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியாததன்று. "சூடு" அவ்விரண்டையும் மீண்டும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. கொதிநிலை, உருகுநிலை, உறைநிலை என்று "நிலை"யில் முடியும் வரிசை ஒன்று நம்மிடம் நிலைபெற்றிருக்கும்போது, இந்த ஒரு சொல் மட்டும் வரிசையை விட்டு ஏன் விலக வேண்டும்? மேலும், "ஆப்பரேட்டிங் டெம்பரேச்சர்" என்பது மின்னணுக் கருவிகளுக்கும் வழங்கும் சொல். அங்கே "இயக்க வெப்பநிலை" வேரூன்றிவிட்டது. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் தேவையா?

இன்னொன்று. "கொ" என்ற எழுத்தைப் பார்த்ததும் ஓட்டுநர் தண்ணீர் கொதித்துவிட்டது என்று எண்ணமாட்டாரா? சூடாற்றி மூடி அழுத்தத்தைத் தாங்கும் வண்டியில் அது உண்மையாகவும் இராதே.

வணக்கத்துடன்.

* * *

அன்பு நண்பருக்கு,

கடைசித் தடையை முதலில் ஒப்புக்கொள்கிறேன்; அது என் பிழை. சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியைப் போட்டால், உறைதடுப்பி கலக்காத வெறும் நீரே ஏறத்தாழ 115 பாகையில்தான் கொதிக்கும். முள் வலக்கோடியைத் தொடுவது எச்சரிக்கை. கொதித்துவிட்டது என்பதற்குச் சான்றன்று. தவிரவும் "கு", "கொ" இரண்டும் ஓரக்கண்ணால் பார்க்கும்போது ஒன்றுபோலத் தோன்றும். ஆகவே கு, ப, மி என மாற்றிக்கொள்ளலாம், "மி" மிகைச்சூடு.

இரண்டு சொற்கள் தேவையா என்ற கேள்விக்கு, தேவை என்பதே என் விடை. ஒரு கருவியின் இயக்க வெப்பநிலை 0 முதல் 40 பாகை என்று எழுதியிருந்தால், அது அக்கருவியைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலை. அந்த எல்லைக்குள் கருவியை வைத்திருங்கள் என்பது பயன்படுத்துவோருக்குச் சொல்லும் கட்டளை. எஞ்சினின் 82 பாகையோ அது தானே ஓடித் தன்னுள் உண்டாக்கிக்கொள்ளும் சூடு. வெளியே பனி பெய்தாலும் அது அங்கே போய்ச் சேர வேண்டும். ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதற்காக நாமும் அப்படியே அழைக்க வேண்டியதில்லை.

வெப்பமும் வெப்பநிலையும் பற்றிய உங்கள் கவலையை நான் பகிர்ந்துகொள்கிறேன், ஆனால் முழுதாக அன்று. கொதிநிலை ஒரு புள்ளி. குறிப்பிட்ட அழுத்தத்தில் நீருக்கு அது ஒன்றே. பதச்சூடு ஒரு பரப்பு. எம்.ஜி.பி.யில் பல்லாண்டுகள் விசிறி எஞ்சினின் பெல்ட்டிலேயே ஓடியது. நெரிசலில் எஞ்சின் மெல்ல ஓடினால் விசிறியும் மெல்லவே சுழலும், எதிர்க்காற்றும் இராது. முள் நடு எழுத்தின் வல விளிம்புக்கு நகரும். திறந்த சாலைக்கு வந்ததும் திரும்பி வரும். (1977ஆம் ஆண்டு மாதிரியிலிருந்துதான் மின்விசிறி வந்தது.) இந்த நகர்வு முழுவதும் பதச்சூட்டுக்குள் அடங்கும். எண் குறிப்பிட்டே ஆக வேண்டிய அட்டவணைகளில் பதவெப்பநிலை என்று எழுதுங்கள். "திறப்பு வெப்பநிலை 82" என்று சூட்டுமடைக்கு எழுதுவதைப் போல. உரைநடையில் பதச்சூடு இருக்கட்டும்.

சூட்டுமடையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மடை என்பதை வால்வுக்குப் பொதுச்சொல்லாக்கிவிடலாமா என்று எனக்கே ஓர் ஐயம் இருக்கிறது. அப்படியானால் எஞ்சின் தலையிலுள்ள வால்வுகளுக்கும் அதே சொல்லைத் தர வேண்டிவரும், அவை ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுபவை. அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

அன்புடன்.